சிவகாமசுந்தரி தொட்ட பேட்டரிகள்

1958 முதல் தேக்கா வட்டாரத்தில் சிவகாமசுந்தரி தொட்ட பேட்டரிக் கட்டை எதுவும் தீர்ந்துபோனதில்லை. அதற்கு முந்தின வருஷம் அவள் புருஷன் கோவிந்தசாமி, அண்ணன் தம்பி நிலத் தகராற்றை முடித்துவிட்டு வருகிறேன் என்று சொந்த ஊரான நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறினான். தகராறு முடியவில்லை, ஆளும் வரவில்லை. அவள் மார்க்கெட்டில் மசாலா அரைத்து விற்றுக்கொண்டிருந்தாள். ஒருநாள் தகரக் கூரையில் வெயிலுக்கு வைத்திருந்த செத்த கட்டைகளை எடுக்கப் போனவள், துறைமுகத்தில் கப்பல் ஊதுவதைக் கேட்டு அவற்றை மார்போடு அணைத்தபடி நின்றுவிட்டாள். கீழே வந்து டார்ச்சில் போட்டால் சுவரே வெளுத்துப்போகும்படி எரிந்தது.

கட்டையில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்றுதான். அடியில் ஒரு கம்பியை வைத்து, அதன் மறுமுனையையும் கட்டையின் தலையையும் நாக்கில் படவைப்பார்கள். லேசாகப் புளித்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். அவள் தொட்டவை சுருக்கென்று கடித்தன. பக்கத்துக் கடை சூசைநாதன், "அது மொளகாக் காரம் லா" என்றார். அவள் சவுக்காரம் போட்டுக் கை கழுவிவிட்டு இன்னொன்றைத் தொட்டுக் கொடுத்தாள். மனுஷனுக்கு அன்று முழுக்க நாக்கு மரத்துக் கிடந்தது.

பிறகு மின்சாரம் எட்டாத கம்பத்துக் கிராமங்களிலிருந்தும் பிடோக் கடற்கரையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தீபாவளி வாரத்தில் மட்டும் யாரும் வருவதில்லை, அப்போது அவள் தொட்டால் பல்பு கருகிவிடும். அவள் ஏக்கத்தில் நாம் வெளிச்சம் போடுகிறோமே என்று சிலருக்குச் சங்கடம்தான். ஆனாலும் கொண்டுவந்தார்கள். அவளுக்கோ வேண்டியது ஒன்றே. அவன் வரவேண்டும், இந்தக் கட்டைகளெல்லாம் செத்துத் தொலைய வேண்டும்.

1964இல் அவன் வரும் கப்பல் எது என்று தெரிந்ததும் கடைகளின் முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதை நெடுக வரிசை நின்றது. "அண்ணன் வந்துட்டா ஒண்ணும் ஏறாதுக்கா. இப்பவே தொட்டுக் குடுத்துருங்க லா" என்றான் பிடோக் மீனவன் நூருல் அமீன். "ஆமா, அப்புறம் கடையில வாங்கிக்குங்க" என்று அவள் சிரித்தாள். அவள் சிரித்து அந்தத் தெரு பார்த்து வெகுநாளாயிற்று.

கோவிந்தசாமி வந்தான். நல்லபடியாகத்தான் வந்தான். காதோரம் நரைத்திருந்தது, புகையிலை போடப் பழகியிருந்தான். பேச்சுக்குப் பேச்சு 'நம்ம வீடு' என்றான், அது ஊரிலிருக்கும் வீடு. மறுநாள் காலை அவன் தோசை தின்றுகொண்டிருக்கும்போது அவள் ஒரு செத்த கட்டையை உள்ளங்கையில் மூடி, கம்பி வைத்து நாக்கில் தொட்டாள். அதுவரை எதுவும் அப்படிக் கடித்ததில்லை. கண்ணில் நீர் முட்டியது. அன்று கப்பலேறிப் போனவன் இன்னும் வரவில்லை என்பது அவளுக்கு விளங்கிவிட்டது.

"இன்னும் ஏறுதா?" என்று கேட்டான். வந்த அன்றே தெருவில் அவனுக்கு எல்லாம் சொல்லியிருந்தார்கள்.

"ஏறுதுங்க."

அவன் கை கழுவிக்கொண்டு வந்து, தானும் ஒரு செத்த கட்டையை எடுத்து மூடிப் பிடித்தான். நாக்கில் வைத்தான். முகம் சுளித்தது. அவள் அவனுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அது முதல் இருவருமாகத் தொட்டுக் கொடுத்தார்கள், வரிசை சீக்கிரம் நகர்ந்தது.