ரோண்டாவின் கால் மைல்

கால் மைல் பந்தயத் திடலில், எடைமேடைக்கு முன்னால் கார்களின் வரிசை மெதுவாக நகர்ந்தது. ரோண்டா தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு, பழைய நோவா காரின் ஓட்டுநர் இருக்கையில் வியர்த்து உட்கார்ந்திருந்தாள். இருபது வருடமாக அது அவள் கணவன் டுவெயினின் இடம். மார்ச்சில் வார்ப்பு ஆலையில் அச்சுப்பெட்டியைத் தூக்கியபோது அவன் முதுகு போயிற்று. அதன்பிறகு காருக்குள் குனிந்து நுழைய முடியவில்லை. அவன் சொல்லச் சொல்ல, இஞ்சினை அவள்தான் பூட்டினாள்.

மேடையின் முள் நின்றதும் டுவெயின் ஜன்னலோரம் வந்தான். "உன்னையும் சேத்து மூவாயிரத்து இருநூறு பவுண்டு."

"என்னை மட்டும் தனியா சொல்லாம விட்டியே, பொழச்சே."

"கேளு. இஞ்சின் நானூறு குதிரைசக்தி. எடையை அதால வகுத்தா எட்டு. எந்த எண்ணை மூணு தரம் போட்டுப் பெருக்கினா எட்டு வரும்? ரெண்டு. அதை அஞ்சு புள்ளி எட்டு ரெண்டு அஞ்சால பெருக்கு. கால் மைல், பதினொண்ணு புள்ளி ஆறு அஞ்சு செகண்ட்."

"வரலேன்னா?"

"கார் மேல தப்பில்ல. ஓட்டறவ மேலதான்."

"வந்துட்டா இந்த மாசம் பூரா பாத்திரம் நீ கழுவற."

"கழுவறேன். அதுக்குக் குனிய வேண்டாமே."

முதல் ஓட்டத்தில் பன்னிரண்டேகால் செகண்டுக்கு மேலே ஆகிவிட்டது. திரும்பி வந்தவளின் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"நடுவுல ஆக்ஸிலேட்டர்லேருந்து காலை எடுத்தியா?"

"எடுக்கல."

"ரோண்டா."

"கொஞ்சம் எடுத்தேன். கதவு பிச்சுக்கிட்டுப் போற மாதிரி சத்தம் வந்துதுய்யா!"

"அந்தச் சத்தம் நல்ல சத்தம். அது கேட்டா இன்னும் அழுத்து."

இரண்டாம் முறை பச்சை விளக்கு விழுந்ததும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். சத்தம் வந்தது. அழுத்தினாள். நேரப் பலகையில் பதினொன்று புள்ளி ஏழு ஒன்று எரிந்தது. டுவெயின் வேலியைப் பிடித்துக்கொண்டு, வலியையும் மறந்து சத்தமாகச் சிரித்தான்.

"இன்னும் புள்ளி பூஜ்யம் ஆறு செகண்ட் குறையணும்," என்றான் அவள் வந்து இறங்கியதும்.

"எதிர்க்காத்து அடிச்சுது. உன் கணக்குல காத்து உண்டா?"

அவன் சொன்ன கணக்கு வராவிட்டாலும், ஞாயிறு ராத்திரி அவனே பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தான்.

திங்கள் விடிந்தது. ஆலை டாக்டர் போன வாரம் அவனைக் கைகளை மேலே தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, எந்த வேலையும் செய்யலாம், கனம் தூக்கவும் தடையில்லை என்று சொல்லியிருந்தார். இன்று போகாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவான். டுவெயின் சமையலறை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். ரோண்டா தரையில் மண்டியிட்டு, இரும்பு முனை வைத்த பூட்ஸுக்குள் அவன் காலை நுழைத்துக்கொண்டிருந்தாள்.

"பக்கத்து சீட்டைக் கழட்டிட்டா எடை குறையும்," என்றான் அவன், அவள் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தபடி. "அடுத்த தடவை பதினொண்ணு புள்ளி ஆறு அஞ்சு வந்துரும்."

"வரும், வரும். காலை ஆட்டாதே," என்று அவள் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள்.