பேர் வரும் இடம்

என் புருஷன் கஸ்பார் பாடி நான் முதலில் கேட்டது என் சித்தப்பா செத்த அன்று. அழுதுகொண்டிருந்தவள், யார் இவன் என்று எட்டிப் பார்த்தேன். பாழாய்ப்போன பார்வை. அடுத்த வருஷமே கல்யாணம்.

அவருக்குத் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிற வேலை. ஆனால் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை யார் வீட்டில் சாவு விழுந்தாலும் சவப்பெட்டிக்கு ஒரு ஆள் ஓடினால் இவருக்கு ஒரு ஆள் ஓடிவரும். பாட்டெல்லாம் அவரே கட்டியது. ஒவ்வொரு பாட்டிலும் செத்தவர் பேரைச் சேர்க்க ஓர் இடம் விட்டிருப்பார். அந்த இடம் வந்ததும் கூடியிருக்கிற சனமும் சேர்ந்து பேர் சொல்லிக் கூப்பிடும். அப்போது அழாதவர்களை நான் பார்த்ததில்லை.

சாவு வீட்டுக்கு வெளியே அவர் வாயைத் திறக்க முடியாது. ஞானஸ்நான விருந்தில் ஒருதடவை லேசாக முணுமுணுத்ததற்கே, "நல்ல நாளும் அதுவுமா சும்மா இரு மாமு" என்று அடக்கிவிட்டார்கள். எழுபத்து மூன்றாம் வருஷம் ஒருநாள் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"என் பாட்ட ஒருத்தன் கேக்கணும்னா இன்னொருத்தன் சாவணுமா ஐரீன்? ரிக்கார்டு போட்டுட்டா அவனவன் வூட்ல குந்திகினு கேப்பான்ல."

என் கழுத்துச் சங்கிலி போனது. அதைப் பற்றி இதற்கு மேல் பேச மாட்டேன்.

மவுண்ட் ரோடு பக்கம் ஒரு ஸ்டூடியோவில், வயலின், ஆர்மோனியம் எல்லாம் வைத்து நாலு பாட்டு. முதல் பாட்டிலேயே பேர் வரும் இடத்தில் நின்றுவிட்டாராம். உயிரோடு இருப்பவன் பேரைச் சொன்னால் அவனைக் குழியில் தள்ளியது போல. செத்தவன் பேரைச் சொன்னால் அவன் வீட்டார் சண்டைக்கு வருவார்கள். "சும்மா ஏதாவது ஒரு பேர் சொல்லுங்களேன்" என்றாராம் ரிக்கார்டு செய்பவர். சும்மா பேர் எங்கே கிடைக்கும்? எந்தப் பேரிலும் எவனாவது ஒருவன் இருக்கத்தானே செய்வான். கடைசியில் தன் பேரையே போட்டுப் பாடிவிட்டு வந்தார்.

"கப்பலேறிப் போறியேப்பா கஸ்பாரு - நீ
கையசைக்க மறந்ததென்னா கஸ்பாரு"

ரிக்கார்டு வந்ததும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்துக்குக் கோயில் தெருமுனையில் வெளியீடு. வண்ணாரப்பேட்டை தாவூது பாய், இவருடைய தோஸ்து, தன் மைக் செட்டைக் கொண்டுவந்து கட்டினார். சனம் நின்று கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டது. ஒருவரும் ஒரு ரிக்கார்டை எடுக்கவில்லை. இவரோடு மூட்டை தூக்கும் பாஸ்கல்தான் கடைசியில் வாயைத் திறந்தான்.

"தங்கமா பாடிகீற மாமு. ஆனா வூட்ல வெக்க முடியாதுபா. வயசானவங்க கீறாங்க."

சாவு விழாத வீட்டில் சாவுப் பாட்டை யார் வைப்பார்கள்? இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு இது உறைக்கவில்லை. எனக்கும் உறைக்கவில்லை, அதுதான் இன்றுவரை ஆத்திரம். பாஸ்கலை மட்டும் குறை சொல்லி என்ன? அன்று சாயங்காலம் இவர் எங்கிருந்தோ ஒரு பிளேயரை இரவல் வாங்கிவந்து நம் வீட்டிலாவது ஒருதடவை கேட்போம் என்றார். புருஷன் குத்துக்கல் மாதிரி எதிரே நிற்கும்போது, அவர் பேரைச் சொல்லி அழுகிற பாட்டை என் வீட்டில் ஓட விடுவேனா? ஊசியைக் கழற்றிச் சேலை முந்தியில் முடிந்துகொண்டேன். அவர் பிளேயரைத் திருப்பிக் கொடுக்கப் போனார்.

கட்டிலுக்கடியில் விற்காத ரிக்கார்டுகள் கட்டுக்கட்டாகக் கிடந்தது எனக்குப் பிணத்தோடு படுப்பது போலிருந்தது. ஒருநாள் அவர் வேலைக்குப் போன பிறகு தாவூது பாயைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் எடுத்துப் போகச் சொன்னேன்.

"கஸ்பாராண்ட சொன்னியாம்மா?"

"சொல்ட்டேன் பாய். எடுத்துகினு போ, இன்னாவாச்சும் பண்ணு."

பொய்தான் சொன்னேன். வீட்டுக்கு வந்து காலி இடத்தைப் பார்த்தவரிடம், எடைக்குப் போட்டுவிட்டேன் என்று இன்னொரு பொய்யும் சொன்னேன்.

பாய் நல்ல மனசோடுதான் செய்தார். தண்டையார்பேட்டை, டோல்கேட், எண்ணூர் என்று தெரிந்த மைக் செட்டுக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தார். அவர்கள் சாவு வீடுகளில் வைத்தார்கள். பேர் வரும் இடத்தில் சத்தத்தைச் சட்டென்று குறைத்துவிட்டால் போதும், சனமே செத்தவர் பேரைச் சொல்லிக்கொள்ளும். ரிக்கார்டுக்குத் தொண்டை கட்டாது, டீ கேட்காது. ஆறே மாதத்தில் இவரைத் தேடி ஆள் வருவது நின்றுபோனது.

பக்கத்துத் தெருவில் ஒரு சாவு. தெரிந்ததும் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் ஆளுக்குக் காத்திருந்தார். ஆள் வரவில்லை. ஒலிபெருக்கியில் அவர் குரல்தான் வந்தது.

"எடைக்குப் போட்டது இவனுங்களுக்கு எப்படிக் கெடச்சிது?" என்றார்.

"எனக்கு இன்னா தெரியும்" என்று உள்ளே போய்விட்டேன்.

அடுத்த மாசி மாதம் என் மாமியார் சிலுவையம்மாள் இறந்தார். காலை நேரம். இவர் அழவில்லை. வெந்நீர் கேட்டு வாங்கித் தொண்டையை நனைத்துக்கொண்டார். அம்மாவுக்கென்று ஒரு பாட்டு ரொம்ப நாளாகக் கட்டி வைத்திருந்தார். யாரும் கூப்பிடாமல் போனாலும் இந்த ஒரு சாவுக்குத் தான்தான் பாட வேண்டும் என்று என்னிடமே பலதடவை சொல்லியிருக்கிறார்.

நாங்கள் சொல்லாமலே தாவூது பாய் வந்து ஒலிபெருக்கியைக் கட்டியிருந்தார். அம்மாவின் தலைமாட்டில் மெழுகுவத்தி ஏற்ற இவர் குனிந்தபோது ரிக்கார்டு ஆரம்பித்துவிட்டது.

"நிறுத்து பாய். எங்கம்மாக்கு நான் பாடறேன்."

பாயின் கை ரிக்கார்டுப் பக்கம் போனது. அதற்குள் பாஸ்கல் இவர் தோளைப் பிடித்தான்.

"இருக்கட்டும் மாமு. பெத்தவள குடுத்துட்டு நிக்கிற, நீ எதுக்குக் கத்திகினு. அதுல சோக்கா கீது."

ஆமாம், அதுவே ஓடட்டும் என்றார்கள் பெண்கள். எல்லாம் அவர்மேல் இருந்த பரிதாபத்தில் சொன்னதுதான். அவர் என்னைப் பார்த்தார். "அவரு பாடட்டும்" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பேச்சு வளர்ந்து, ரிக்கார்டைக் கொடுத்தது யார் என்று பாய் சொல்லிவிடுவாரோ என்று பயம். தலையைக் குனிந்துகொண்டேன்.

பாட்டு ஓடியது. பேர் வரும் இடம் வந்ததும் பாய் பழக்கதோஷத்தில் சத்தத்தைக் குறைத்தார்.

"சிலுவையம்மா" என்று சனம் கூப்பிட்டது. நானும் கூப்பிட்டேன். அவரும் எங்களோடு சேர்ந்து கூப்பிட்டார். பிறகு வாயை மூடிக்கொண்டு, அடுத்து பேர் வரும் இடத்துக்காக எல்லோரையும் போலக் காத்திருந்தார்.