பாராட்டுக்குப் பிறகு மிளகாய்

மனைவி இறந்த ஆண்டு, 1961. என் மகள் சந்திரமதி வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று ஆசிரியை என்னை வரச் சொன்னார். இப்படியே இருந்தால் அடுத்த ஆண்டும் ஒன்றாம் வகுப்புதான் என்றார். வீட்டிலும் அவள் பேசுவதில்லை. நானும்தான். என்னை யாரும் ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்கவில்லை.

சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக நிலையத்தில் விஸ்வலிங்கம் என்பவர் குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பேசினார். தூங்கப்போகும் குழந்தையிடம், அன்று அது செய்த மூன்று நல்ல காரியங்களைச் சொன்னால் தன்னம்பிக்கை தானாக வளருமாம். கூட்டம் முடிந்ததும், அவரோடு வந்திருந்த மகனிடம் பெயர் கேட்டேன். பையன் வாய் திறப்பதற்குள் அப்பா சொல்லிவிட்டார்.

இருந்தாலும் அன்றே தொடங்கினேன்.

"பால் முழுசும் குடிச்ச. செருப்பை ஒழுங்கா வச்ச. பூனை வாலை மிதிக்கலை."

எங்களோடு இருந்த என் அக்கா தங்கம், உப்பும் மிளகாயுமாக ஓடி வந்தாள்.

"பெத்தவன் கண்ணுதான்டா மொதல்ல படும். இப்படியா புகழுவ? பி.ஏ. படிச்சு என்ன புண்ணியம்?"

மகளின் தலையைச் சுற்றிக் கரியடுப்பில் போட்டாள்.

தினமும் இதுவே நடந்தது. நான் நம்பிக்கையை வளர்த்தேன். அக்கா அதைக் கொளுத்தினாள். தேக்கா சந்தையில் மிளகாய் விலை ஏறியிருந்தால் அதற்கு நாங்கள்தான் காரணம். சந்திரமதி பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆசிரியை மறுபடியும் கூப்பிட்டார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"பேசிட்டா, சார்."

"என்ன பேசினா?"

"எழுந்து நின்னு, 'இன்னிக்கு நீங்க ரெண்டு பேரைத்தான் அடிச்சீங்க, டீச்சர்'னு பாராட்டுறா. அப்புறம் கிட்ட வந்து என் தலையைச் சுத்தி..."

"மிளகாயா?"

"சாக்பீஸ் லா." தலையிலிருந்த தூளைத் தட்டினார். "அடுத்த வருஷம் ரெண்டாம் வகுப்புதான். அங்க வேற டீச்சர்."

அன்று படுக்கையில் நான் தொடங்குமுன் மகள் முந்திக்கொண்டாள்.

"அப்பா, இன்னிக்கு நீங்க சவரம் பண்ணீங்க. சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க." பிறகு வாசல் பக்கம் திரும்பினாள். "அத்தை, அப்பாவுக்கும் சுத்திப் போடுங்க."

அக்கா சுற்றிப் போட்டாள். புகை கமறி மூன்று பேரும் இருமினோம்.

"கமறுது. அப்போ கண்ணே படலை," என்றாள் அக்கா. "உன்னைப் பார்த்து எவன்டா பொறாமைப்படப்போறான்?"

எனக்கும் யாரும் தோன்றவில்லை.

சந்திரமதி கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னாள். "மூணாவது ஒண்ணும் கிடைக்கலை, அப்பா. நாளைக்கு ஏதாச்சும் பண்ணுங்க."