பிளேடை இறக்காதே அண்ணா

சாலையைப் பார்த்ததும் அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. கிளறிப் போடச் சொன்ன சாலை, இஸ்திரி போட்ட சட்டை மாதிரி மடிப்பில்லாமல் கிடந்தது.

"அண்ணா! இறங்கு கீழே."

அண்ணன் புல்டோசரை அணைத்துவிட்டு, இளித்துக்கொண்டே இறங்கினான். "எப்படி இருக்கு ஆபீசரம்மா? பந்து விட்டா நேரா உருளும்."

"பந்து உருட்டவா உன்னைக் கூப்பிட்டேன்?"

இந்தக் காட்டைச் சுரங்கம் தோண்டவென்று ஒரு கம்பெனிக்கு ஒதுக்கியிருந்தார்கள். யாரைக் கேட்டு ஒதுக்கினார்கள் என்று கேட்கக் கூடாது. காட்டுக்கு ஓட்டா இருக்கிறது? சோதனைக் குழி போடும் வண்டிகள் போய்வர அன்று இந்தச் சாலையைப் போட்டவனே அண்ணன்தான். அந்தச் சம்பாத்தியத்தில்தான் வீட்டிலேயே முதல் ஆளாக அவள் கல்லூரிப் படி ஏறினாள், வனச்சரகராகவும் ஆனாள். இப்போது ஒதுக்கீடு ரத்தாகி, காடு மறுபடி தேசியப் பூங்காவோடு சேரப்போகிறது. ஒரே நிபந்தனை, உள்ளே வண்டி போக வழி இருக்கக் கூடாது. நாளைக் காலை பெரிய அதிகாரி வருகிறார். சாலை சாலையாகவே இருந்தால் கையெழுத்து விழாது. அது தள்ளிப்போனால், கம்பெனிக்காரன் கோர்ட்டுக்கு ஓடுவான்.

"கிளறத்தானே செஞ்சேன்," என்றான் அண்ணன்.

பொய்யில்லை. வண்டியின் பின்பக்க இரும்புப் பல்லால் ஆழமாகத்தான் கிழித்திருந்தான். ஆனால் திரும்பி வரும்போது முன்பக்க பிளேடை இறக்கி, கிழித்ததையெல்லாம் தடவிவிட்டிருந்தான். தொட்டில் பழக்கம்.

"ஏன் தடவினே?"

"அப்படியே விட்டுட்டு வர மனசு கேக்கலடி. பாக்கறவன், குடிச்சிட்டு ஓட்டியிருக்கான்னு சொல்ல மாட்டான்?"

"சொல்லட்டும். மேடும் பள்ளமுமா இருந்தாத்தான் தண்ணி நிக்கும், விதை தங்கும். மொட்டைத் தரையில என்ன முளைக்கும்? உன் தலையில முளைக்குதா?"

"என் தலையை ஏன்டி இழுக்கறே?"

அவன் வழுக்கையைத் தடவிக்கொண்டு சாலையைப் பார்த்தான். அந்தப் பார்வையில் அவள் கோபம் பாதி வடிந்துவிட்டது.

"நீ போட்டதை உன்னையே உடைக்கச் சொல்றது எனக்கு மட்டும் இனிக்குதா? வேற ஆளு வந்திருந்தா ஓரத்து மரத்தையெல்லாம் இடிச்சிருப்பான். நீ இடிக்க மாட்டே. அதான் கூப்பிட்டேன்."

அண்ணன் மறுபடி புல்டோசரில் ஏறினான். அவளும் பின்னாலேயே ஏறி, இருக்கையை ஒட்டி நின்றுகொண்டாள். பிளேடு நெம்புகோலுக்கு அவன் கை போகும்போதெல்லாம் ஒரு அடி விழுந்தது.

"கை!"

"தானா போகுதுடி."

"தானா திரும்பி வரட்டும். கை!"

"அம்மாகூட என்னை இப்படி அடிச்சதில்ல."

இருட்டுவதற்குள், பன்றிக் கூட்டம் புகுந்து குதறிய மாதிரி ஆகிவிட்டது சாலை. அண்ணன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை, ஜீப்பை வெளியே நிறுத்திவிட்டு நடந்த அதிகாரி, சற்று தூரத்திலேயே கால் பிசகி மண்கட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"யாரும்மா இப்படிக் குதறிப் போட்டது?"

அண்ணன் நைசாகப் புல்டோசருக்குப் பின்னால் போனான்.

"எங்க அண்ணன் சார்!" என்றாள், காடே கேட்க.

அதிகாரி ஒரு கையால் கணுக்காலைத் தேய்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். ஜீப் கிளம்பியதும் அண்ணன் பாய்ந்து வந்தான்.

"ஏன்டி என் பேரைச் சொன்னே? மானமே போச்சு!"

"சொல்லாம? உலகத்துலயே உருப்படாத ரோடு எங்க அண்ணன் போட்டதுதான்னு ஊரெல்லாம் சொல்வேன்," என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு, தடுக்கித் தடுக்கி நடந்தாள்.