ஐம்பது கேள்விகள்

பட்டாபிராமனுக்கு வெட்கம் என்று ஒன்று இருந்ததா என்பது எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

1974. பாலிகஞ்சில் மலையேற்றப் பயணங்கள் நடத்தும் கம்பெனி. அவர் மேனேஜர், நான் டைப்பிஸ்ட் ஜலஜா. ஒரு கன்னியாஸ்திரீயிடம் மூன்று வருஷம் இத்தாலிய மொழி படித்தவள். "ஆறு இத்தாலியர் சிக்கிம் மலைக்கு வரா, மொழிபெயர்க்க நீதான் கூடப் போகணும்" என்று அவரே சொன்னார். நம்பி ஸ்வெட்டர்கூடப் பின்னி முடித்துவிட்டேன்.

பிறகு, "ஃபைலுக்கு வேணும், உபயோகமான கேள்வியா ஒரு அம்பது, தமிழ் எழுத்துல எழுதிக் குடு" என்றார். எழுதினேன். 'தோவே ஸோனோ லே கோர்தே?' கயிறுகள் எங்கே? 'இல் சென்தியேரோ ஏ அபெர்தோ?' பாதை திறந்திருக்கிறதா? பூட்ஸ், கூடாரம், பனி, ஒன்றையும் விடவில்லை. அசடு!

மறுநாள் அந்த நோட்டு அவர் மைத்துனன் வாஞ்சிநாதன் கையில் இருந்தது.

"பொம்மனாட்டி மலையேறறதாவது! இவன் போகட்டும். அதான் எல்லாத்தையும் எழுதிட்டியே!" என்றார் பட்டாபிராமன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கிடர்பூர் துறைமுகத்தில் இத்தாலியர்களுடைய பெட்டிகள் இறங்கின. பட்டாபிராமனும் வாஞ்சியும் வந்திருந்தார்கள். பட்டியல் சரிபார்க்க மட்டும் நான் தேவைப்பட்டேன். வாஞ்சி நோட்டைப் பார்த்து, "தோவே ஸோனோ லே கோர்தே?" என்று ஒப்பித்தான். குழுத் தலைவர் மகிழ்ந்துபோய்ப் படபடவென்று ஏதோ கேட்டார். வாஞ்சி பல்லை இளித்தான். "ஸி, ஸி." ஆமாம், ஆமாம்.

அவர் கேட்டது இதுதான்: "பாதையில் பனிக்கட்டி இல்லையே? கயிற்றுப் பெட்டியை இங்கேயே விட்டுவிடலாமா?"

கூலிகள் அந்தப் பெட்டியை ஒதுக்கி வைத்தார்கள். படட்டும், பட்டால்தான் புத்தி வரும் என்று வாயை இறுக்கிக்கொண்டேன். ஆனால் பாதை முழுக்கப் பனிக்கட்டி என்று காலையில் வந்த தந்தியைப் பிரித்தவளே நான்தான். கயிறில்லாமல் சறுக்கினால் சாகப்போவது பட்டாபிராமனா? முதுகில் சுமையோடு போகிற ஏழைதானே!

"நோ!" என்று கத்திவிட்டு, எல்லாவற்றையும் இத்தாலிய மொழியில் கொட்டினேன். தலைவரே ஓடிப்போய்க் கயிற்றுப் பெட்டியைத் தூக்கிக் கைவண்டியில் வைத்தார்.

பட்டாபிராமன் நன்றி சொன்னார் என்றா நினைக்கிறீர்கள்? "நல்ல வேளை. நாளைக்குள்ள பதிலையும் எழுதிக் குடுத்துடு. வாஞ்சி மனப்பாடம் பண்ணிப்பான்" என்றார்.

நோட்டை வாஞ்சியிடமிருந்து பிடுங்கி என் பைக்குள் போட்டேன். "மலை என்ன பதில் சொல்லும்னு யாராலயும் முன்கூட்டி எழுத முடியாது, சார். டிக்கெட்ல என் பேரைப் போடுங்கோ."

"திமிரைப் பாரு!" என்று அவர் ஆரம்பிப்பதற்குள் தலைவர் வாஞ்சியைப் பார்த்து, "இந்தப் பெண்தானே எங்களோடு வருகிறாள்?" என்று இத்தாலிய மொழியில் கேட்டார்.

வாஞ்சி பல்லை இளித்தான்.

"ஸி, ஸி."