ஆளுக்கொரு கிளிக்

வேலம்பாளையத்தில் மகுடேஸ்வரனின் நிட்டிங் யூனிட்டுக்குப் புது மெஷின் வந்திருந்தது. பொருத்திக் கொடுக்க வந்தவர் மெஷின் கம்பெனி இன்ஜினியர் பிரபாகர். பொருத்தும்போது எது உடைந்தாலும் பழி இன்ஜினியர் மேல் என்பது கம்பெனி சட்டம். போன மாதம்தான் ஒரு பழி விழுந்திருந்தது. இன்னொன்று விழுந்தால் வேலை போய்விடும்.

மெஷினுக்கு மூன்று கால்; ஒவ்வொரு காலின் போல்ட்டுக்கும் எண்பது நியூட்டன் மீட்டர் இறுக்கம். இறுக்கத்தை அளந்து திருகும் டார்க் ரெஞ்சில் எண்பது வைத்துத் திருகினால், அளவு வந்ததும் ‘கிளிக்’ என்று சொல்லிவிடும். அதோடு கையை எடுத்துவிட வேண்டும்.

பூஜையில் கடைசி போல்ட்டைப் பெரியவர்கள் கைபட முடுக்குவது மகுடேஸ்வரன் குடும்பத்து வழக்கம். கற்பூரம் காட்டியதும், சந்தனம் வைத்த ரெஞ்சை வாங்கி அவரே முதலில் திருகினார். கிளிக். கைதட்டல்.

அடுத்தவர் ஏரியா சங்கத் தலைவர் ரத்தினசாமி. தொட்டதுமே கிளிக். போல்ட் அசையவில்லை.

“ஏனுங்க, சுத்தவே இல்லியே?”

“ஏற்கெனவே டைட் ஆயிருச்சுங்க.”

“அப்ப நானு சும்மா புடிச்சுட்டு நிக்கவா வந்தேன்?”

மகுடேஸ்வரன் பிரபாகரின் காதருகே குனிந்தார். “நெம்பரைக் கொஞ்சம் ஏத்துங்க தம்பி.”

“போல்ட்டு தாங்காதுங்க...”

“போல்ட்டு தாங்குமுங்க. அவருதான் தாங்கமாட்டாரு.”

தொண்ணூற்றைந்து. போல்ட் நகர்ந்தது, தலைவர் மலர்ந்தார். அடுத்து பேங்க் மேனேஜர். ரெஞ்சைத் தொடும் முன்பே கேட்டார்: “தலைவருக்கு எவ்வளவு வெச்சீங்க?” அவருக்கு நூற்றுப்பத்து.

மிச்சம் இருந்தவர் மாமனார் சாமியப்பன். யூனிட் நிற்கிற இடமே அவர் கொடுத்தது. பேங்க்காரரை விடக் குறைவாக அவருக்கு வைக்க முடியுமா? பிரபாகர் “வேண்டாங்க, வேண்டாங்க” என்றார். பந்தியில் இரண்டாம் முறை பாயசத்துக்குச் சொல்வது போலத்தான் அது கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நூற்றைம்பது.

சாமியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அழுத்தினார். கொஞ்ச தூரம் போனதும் போல்ட் இளகியது.

“எனக்குப் பாருங்க, எப்பிடி வழுவழுன்னு சுத்துது!”

டக். போல்ட்டின் தலை ரெஞ்சோடு வந்தது. உடம்பு காலுக்குள்ளேயே நின்றுவிட்டது. வீடியோக்காரர் கேமராவை மெல்ல உத்தரத்துக்குத் திருப்பினார்.

“போல்ட்டு டூப்ளிகேட்டாட்ட இருக்குதே” என்றார் சாமியப்பன். அத்தனை முகமும் பிரபாகர் பக்கம் திரும்பியது.

“உடுங்க மாமா” என்றார் மகுடேஸ்வரன். “இன்னும் ரெண்டு காலு இருக்குதுங்க. தம்பி, மாமாவுக்கு மறுபடியும் வெச்சுக் குடுங்க.”

“வேண்டாங்க” என்று சொல்லிக்கொண்டே பிரபாகர் ரெஞ்சை வாங்கி நெம்பரை ஏற்றினார்.