பித்தளை வில்லை

பரமக்குடி ஸ்டேஷன் வாசலில் கூத்தையா குதிரைவண்டியோடு வந்து நின்ற காலையில், வண்டிக்கார உக்கிரபாண்டிக்கு வாயில் போட்ட வெற்றிலை கசந்தது. வண்டி பழைய ஓட்டை வண்டிதான், அதைப் பார்த்து யார் பொறாமைப்படப் போகிறார்கள்? பூட்டியிருந்த குதிரைதான் கண்ணை உறுத்தியது. சிட்டு! உக்கிரபாண்டி தானே பெயர் வைத்துத் தானே பழக்கிய குதிரை. நாக்கை ஒரு தரம் சொடுக்கினால் எங்கிருந்தாலும் அவனிடம் ஓடிவரும். இரண்டு தரம் சொடுக்கினால் கிளம்பிப் போகும். பின்னங்கால் நொண்டியதும், இனி எதற்கும் ஆகாது என்று, தன் லாயத்துக்குப் புல்லறுத்துப் போட்டுக்கொண்டிருந்த இந்தக் கூத்தையா தலையிலேயே அதைக் கட்டிவிட்டிருந்தான். கூத்தையாவோ வைகை மணலில் தினமும் நடத்தி நடத்தி அதன் காலைத் தேற்றிவிட்டான். இப்போது கழுத்தில் சலங்கை வேறு!

சரி, குதிரை போனால் போகிறது. லைசென்ஸ் சமாச்சாரம்தான் அவன் வயிற்றை எரித்தது. லைசென்சுக்கு அடையாளமான பித்தளை வில்லை இல்லாத வண்டி ஸ்டேஷன் வாசலில் சவாரி ஏற்றக்கூடாது. கட்டணம், விளக்கு, காக்கிச் சட்டை என்று அந்த வில்லைக்கு ஆளை உரித்து எடுத்துவிடுவார்கள். உக்கிரபாண்டி வில்லை வாங்கிய வருஷம் பெண்டாட்டி பாண்டியம்மாளின் காதுத் தண்டட்டி போனது. வளர்த்த காது இன்னும் வெறுமனே தோள்வரை தொங்குகிறது. இப்போது கூத்தையா மாதிரி கூலிவேலை பார்க்கும் கீழத்தெருச் சனங்களுக்குக் கட்டணமே கிடையாதாம், விளக்கையும் போர்டு ஆபீசே கொடுக்குமாம். இந்த வருஷம் மட்டும்தான். அதுவும் இன்றைய சோதனையில் வண்டி தேறினால்தான்.

"அவனுக்குக் கெடைச்சா ஒனக்கு என்ன கொறைஞ்சு போச்சு?" என்று காலையில் பாண்டியம்மாள் கேட்டாள்.

"ஒன் காதப் பாத்துட்டுப் பேசுடி!" என்று கத்திவிட்டுத்தான் வந்திருந்தான்.

பக்கத்து வண்டிக்கார மீரா சாகிபும் அவனைத் தேற்றிப் பார்த்தார். "விடுங்க பாண்டி. அவனும் பிள்ளகுட்டிக்காரன். ரயில்ல வாற சவாரிய அல்லா எல்லாருக்கும்தான் பங்கு வச்சிருக்கான்."

பங்காம், பங்கு! தான் மட்டும் வீட்டுத் தங்கத்தைக் கொட்டி வாங்கிய வில்லை இவனுக்குச் சும்மா வருமாம். நேற்றுவரை புல்லுக்கட்டோடு கொல்லைப்பக்கமாக வந்தவன் நாளை தனக்குச் சமமாக ஸ்டேஷன் வாசலில் சவாரி ஏற்றுவானாம். நினைக்க நினைக்க உக்கிரபாண்டிக்கு ஆறவில்லை.

சோதனை ஆற்றோரப் பொட்டலில் நடந்தது. இன்ஸ்பெக்டர் சக்கரத்தைத் தட்டினார், சேணத்தை இழுத்துப் பார்த்தார், சிட்டின் காலைத் தூக்கிப் பார்த்துத் தலையாட்டினார். ஆபீசுக்காரர் புது விளக்கை வண்டியில் மாட்டியே விட்டார். கூத்தையாவின் முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை. பாக்கி ஒன்றே ஒன்றுதான். சுண்ணாம்புக் கோட்டுக்குப் பின்னால் குதிரை அசையாமல் நிற்க வேண்டும். இன்ஸ்பெக்டர் விசில் ஊதினால்தான் நகர வேண்டும்.

சிட்டு சிலையாக நின்றது. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற உக்கிரபாண்டி அந்தப் புது விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். வெயிலில் அது மின்னியது. விசில் இன்ஸ்பெக்டரின் வாய்க்குப் போனது.

உக்கிரபாண்டி நாக்கை ஒரு தரம் சொடுக்கினான்.

சிட்டின் காது நிமிர்ந்தது. கூத்தையா கடிவாளத்தை இழுத்துப் பார்த்தான், ஒன்றும் நடக்கவில்லை. குதிரை கோட்டைத் தாண்டி, வண்டியையும் அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்தது. சனங்கள் "ஐயோ, ஐயோ" என்று விலகி ஓடினார்கள். நேராக உக்கிரபாண்டியிடம் வந்து நின்று, அவன் மடிக்குள் மூக்கை விட்டது. கொள்ளு வைத்திருக்கிற இடம் அதுதான், அந்தக் காலத்தில்.

"நிக்கச் சொன்னா நிக்காத குதிரைக்கு எப்படிய்யா லைசென்ஸ் குடுக்கிறது? நாளைக்கு யார் மேலயாவது ஏறுச்சுன்னா?" என்றார் இன்ஸ்பெக்டர். "விளக்கக் கழட்டு. அடுத்த வருஷம் பணத்தக் கட்டிட்டு வா."

கூத்தையா இறங்கினான். விளக்கைக் கழற்றி, கண்ணாடியில் ஒட்டியிருந்த தூசியைத் துண்டால் துடைத்து, ஆபீசுக்காரர் கையில் கொடுத்தான். பிறகு குதிரையிடம் வந்தான்.

"பழக்கதோசம்லே. என்னையக் கண்டதும்..." என்று உக்கிரபாண்டி ஆரம்பித்தான்.

"ஒங்க லாயத்துல புல்லுப் போட்டவன்யா நான்" என்றான் கூத்தையா, அவன் முகத்தைப் பார்க்காமல். "அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா?"

கடிவாளத்தைப் பிடித்து இழுத்தான். சிட்டு நகரவில்லை. கழுத்தைத் தட்டிக் கொடுத்தான், கெஞ்சினான். அது அசையவே இல்லை.

"நீங்களே போகச் சொல்லுங்கய்யா. இனி எம் பேச்சக் கேக்காது."

இரண்டு சொடுக்குதான். உக்கிரபாண்டி வாயைத் திறந்தான். நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, சத்தம் வரவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிட்டு வெதுவெதுப்பாக மூச்சு விட்டுக்கொண்டு அவனுடைய காலி மடியைத் துழாவிக்கொண்டே இருந்தது.